பிஸ்கோத்தின் வயிறும் இருநூறு வருஷத்து அமிலமும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. மாட்டு டாக்டரும் இல்லை. பொட்டி தட்டிப் பொழைக்கிற ஆளு. இதைப் படிச்சிட்டு யாரும் உங்க வீட்டு நாய்க்கு மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டர்கிட்ட கேளுங்க. அந்த ஒரு வரியை நாங்க சரியா கேட்காததாலதான் இந்தப் பதிவே.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன்.

எங்க வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டை. பிஸ்கோத்து எங்க நாய். 2017-ல் வைத்திக்குப்பம் கடற்கரையில ஒரு கட்டுமரத்துக்கு அடியில இருந்து அம்மா தூக்கிட்டு வந்தது. மேரி பிஸ்கட் நிறம், அதனால பிஸ்கோத்து. இனம், பட்டம், சான்றிதழ் எதுவும் கிடையாது. இருபது கிலோ எடை, ஐம்பது கிலோ திமிர்.

2021 மழைக்காலத்துல ஒரு நாள் பின்னங்காலை நொண்டிக்கிட்டு வந்தான். நான் அப்போ வீட்ல இருந்தே ஆணி புடுங்கிட்டிருந்தேன், ஒரு கால் முடிஞ்சா அடுத்த கால். (நாய்க்கால் இல்லீங்க, ஃபோன் கால்.) பெரியப்பா பார்த்தார். அவருக்கு மூட்டுவலி. "பாவம்டா, இதுக்கும் நமக்கு மாதிரிதானே வலிக்கும்"னு தன்னோட இபுப்ரோஃபென் மாத்திரையை ஒரு துண்டு பன்னுக்குள்ள வச்சுக் குடுத்துட்டார். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மூணு நாள். நொண்டல் நிஜமாவே குறைஞ்சுது. பெரியப்பாவுக்கு ஒரே பெருமை.

நாலாவது நாள் அவன் போன மலம் ரோடு போடற தார் மாதிரி கறுப்பா, பிசுபிசுன்னு இருந்தது. சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கலை. ஈறு வெளுத்துப் போயிருந்தது. ஸ்கூட்டர்ல அம்மா மடியில வச்சுக்கிட்டு உட்கார, நான் ஓட்ட, டாக்டர்கிட்ட போய்ச் சேர்ந்தோம். அவர் கறுப்பு மலத்தைப் பார்த்ததுமே முதல் கேள்வி: "என்ன வலி மாத்திரை குடுத்தீங்க?" அம்மா என்னைப் பார்த்தாங்க, நான் தரையைப் பார்த்தேன்.

"மனுஷனுக்கு ஒத்துக்கறதெல்லாம் நாய்க்கு ஒத்துக்காது தம்பி. இரைப்பையில புண்ணு. ரத்தம் உள்ளயே கசிஞ்சு, செரிச்சு, கறுப்பா வருது."

வலியை உண்டாக்குற புரோஸ்டாகிளாண்டினைத்தான் அந்த மாத்திரை தடுக்குது. ஆனா அதே குடும்பத்துப் பொருள்தான் இரைப்பையோட உள்சுவர்ல சளிப்பூச்சைக் காப்பாத்தி, ரத்த ஓட்டத்தையும் பார்த்துக்குது. அதைத் தடுத்தா சுவர் அம்மணமா நிக்கும். அமிலம் அதைத் தின்ன ஆரம்பிக்கும். நாய்க்கு இந்த மாத்திரை விஷயத்துல நம்மளைவிடத் தாங்குசக்தி ரொம்பக் குறைவு. இதுல ஊர் வேடிக்கை ஒண்ணு: உலகத்துக்கு இபுப்ரோஃபென் மூலப்பொருள் அனுப்புற பெரிய ஆலை ஒண்ணு எங்க ஊருக்கு வடக்கே காலாப்பட்டுலதான் இருக்கு.

ஊசி, குளுக்கோஸ் எல்லாம் முடிஞ்சதும் டாக்டர் எழுதிக்குடுத்தது ஒமிப்ரசோல் கேப்ஸ்யூல். "ஒரு மாசம் குடுங்க. அப்புறம் கூட்டிட்டு வந்து காட்டுங்க." பத்து நாள்ல அவன் பழைய பிஸ்கோத்து ஆயிட்டான். பக்கத்து வீட்டுப் பூனையைத் துரத்துனான், பெரியப்பாவைப் பார்த்து வாலை ஆட்டுனான். (நாய்க்கு ரோஷமே கிடையாதுங்க.)

ஒரு மாசம் முடிஞ்சுது. நாங்க கூட்டிட்டுப் போய்க் காட்டலை. ஆனா கேப்ஸ்யூல் மட்டும் நிக்கலை. தினம் காலையில அம்மா கேப்ஸ்யூலைத் திறந்து, ஜவ்வரிசி மாதிரி இருக்கிற குட்டிக் குட்டி வெள்ளை உருண்டைகளைத் தயிர்சாதத்துல தூவுவாங்க. பாதி தரையில ஓடும். அவன் தேடித்தேடி நக்குவான். ரெண்டரை வருஷம் இப்படியே ஓடிச்சு. நானும் ராத்திரி ஷிஃப்ட் காபிக்கு ஈடு குடுக்க அதே அட்டையில இருந்து ஒண்ணு பிச்சுப் போட்டுக்குவேன். ஒரே அட்டையைப் பகிர்ந்துகிட்ட அண்ணன் தம்பி :-)

2024-ல ஒரு நாள் காலி அட்டைகளைக் குப்பையில போடும்போதுதான் உறைச்சுது. இதை எதுக்கு இன்னும் குடுக்கிறோம்? அங்கே தோண்ட ஆரம்பிச்சு நான் எங்கெங்கயோ போயிட்டேன். போன இடமெல்லாம் நாய்.

வயித்துக்குள்ள இருக்கிறது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான்னு லண்டன்ல வில்லியம் ப்ரவுட்ங்கிற மருத்துவர் அறிவிச்சது 1823 டிசம்பர்ல. முயல் மாதிரி விலங்குகளோட இரைப்பையில இருந்து எடுத்துச் சோதிச்சுச் சொன்னார். அதே 1823-லதான் பிரெஞ்சுக்காரங்க புதுச்சேரியில மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க. இன்னிக்கு ஜிப்மர்னு நிக்குதே, அதோட வேர். ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சும்மா, வருஷம் ஒண்ணா இருந்ததும் ஒரு சிலிர்ப்பு.

அதுக்கு முந்தின வருஷம், 1822-ல, அமெரிக்காவுல மேக்கினாக் தீவுல அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின்ங்கிற வாலிபன் வயித்துல துப்பாக்கிக் குண்டு பாய்ஞ்சுது. ஆள் பொழைச்சுட்டான், ஆனா இரைப்பைக்கு நேரா ஓட்டை மூடவே இல்லை. ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட் அந்த ஓட்டை வழியா நூல்ல கட்டின கறித்துண்டை உள்ளே விட்டு, வெளிய எடுத்து, எவ்வளவு செரிச்சிருக்குன்னு வருஷக்கணக்கா பார்த்து 1833-ல புத்தகம் போட்டார். இது பலருக்கும் தெரிஞ்ச கதை. இதைப் படிச்ச ஐரோப்பிய விஞ்ஞானிகளுக்கு வந்த யோசனைதான் நமக்கு முக்கியம்: குண்டடிபட்ட ஆளுக்காக எதுக்குக் காத்திருக்கணும்? நாய் இருக்கே!

மாஸ்கோவுல பாசோவ் 1842-ல, பிரான்ஸ் நான்சி நகரத்துல நிக்கோலா ப்ளோண்ட்லோ 1843-ல. ரெண்டு பேரும் நாயோட வயித்துல ஓட்டை போட்டு, குழாய் பொருத்தி, சீழ் பிடிக்காம ஆறவச்சு, நாயை உயிரோட வச்சுக்கிட்டே அமிலத்தை எடுத்தாங்க. மயக்க மருந்து நடைமுறைக்கு வந்தது 1846-ல. கணக்கைப் பார்த்துக்கோங்க.

இந்த இடத்துல பாரிஸ்ல நடந்த ஒரு கதை. புதுச்சேரிக்காரன்கிறதால இது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது, ரொம்பச் சங்கடமாவும் இருந்தது.

க்ளோத் பெர்னார். பின்னாளில் உடலியலின் பிதாமகன்னு கொண்டாடப்பட்டவர். 1840-களில் அவர் சொந்தமா ஆய்வகம்கூட இல்லாத இளைஞர். பெர்லின்ல இருந்து டீஃபென்பாக்ங்கிற பெரிய அறுவை மருத்துவர் பாரிஸுக்கு வந்திருந்தார். நாய் வயித்துல குழாய் வைக்கிற வித்தையைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டார். பெர்னார் ஒரு நாயைப் பிடிச்சு, அறுத்து, வெள்ளிக்குழாயை வச்சுக் காட்டினார். விருந்தாளி சந்தோஷமா போயிட்டார். நாயும் போயிடுச்சு! குழாயோட தப்பிச்சு ஓடிப்போச்சு.

சில நாள் கழிச்சுக் காலையில பெர்னார் படுக்கையை விட்டு எழுந்திருக்கல, ஆள் வந்து நிக்குது. அந்தப் பேட்டை போலீஸ் கொமிசேர் கூப்பிடுறாராம். (கொமிசேர்னா எங்க ஊர்ப் பெருசுகளுக்கு உடனே புரியும். இன்னிக்கும் எங்க ஊர்ப் போலீஸ் போடற சிவப்புத் தொப்பி பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போனதுதான்.) போனா, கொமிசேர் ஒரு நாயைக் காட்டி, "இதுக்கு இந்தக் குழாயை வச்சது நீதானா?"ன்னு கேட்கிறார். பெர்னார் "ஆமாங்க, என் குழாய் கிடைச்சுதே, நல்லதாப் போச்சு"ன்னு சொன்னாராம். மனுஷன் நாயைப் பத்திக் கேட்கலை பாருங்க! கொமிசேருக்கு உச்சிமண்டைக்கு ஏறிடுச்சு. ஏன்னா அது அவரோட நாய். வீட்டுக்காரம்மாவும் பொண்ணும் உள்ளே அழுதுகிட்டிருந்தாங்க.

"நான் திருடலைங்க, விலைக்கு வாங்கினேன். தெருநாய் பிடிக்கப் போலீஸே அனுப்பின ஆளுங்கன்னு சொல்லிக்கிட்டு வந்தவங்கதான் வித்தாங்க"ன்னு இவர் சொல்ல, கொமிசேருக்கு மேல பேச முடியலை. பெர்னார் அதுக்கப்புறம் தினம் அந்த வீட்டுக்குப் போய், குழாயை எடுத்து, புண்ணை ஆத்திக் குடுத்தார். நாய் பொழைச்சுது. கொமிசேர் சிநேகிதர் ஆயிட்டார். பெர்னார் தன் ஆய்வகத்தை அந்தக் கொமிசேர் எல்லைக்குள்ளயே மாத்திக்கிட்டார், வேற யாரும் தொந்தரவு பண்ணாம இருக்க.

அந்தக் கதையில எல்லாரும் நல்லபடியா பொழைச்சாங்க. ஆனா கொமிசேர் வீட்டு நாயா இல்லாத மத்த நாய்களுக்காக யாரும் ஆளனுப்பலை. பெர்னாரோட மனைவியும் ரெண்டு பொண்ணுங்களும் கடைசியில அவரை விட்டுப் பிரிஞ்சு போனாங்க. அவங்க பின்னாடி செஞ்சது, தெருநாய்களைக் காப்பாத்தி வச்சுப் பராமரிச்சது. வீட்டுக்குள்ளயே இப்படி ஒரு தீர்ப்பு.

அடுத்து பாவ்லோவ். மணி அடிச்சா நாய்க்கு எச்சில் ஊறும், அவரேதான். ஆனா அவருக்கு 1904-ல நோபல் கிடைச்சது அந்த மணிக்காக இல்லை, செரிமானத்துக்காக. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல அவர் நாயோட இரைப்பையில ஒரு சின்னப் பையைத் தனியாப் பிரிச்சு, நரம்பு அறுந்துபோகாம, வெளிய பார்த்தமாதிரி தைச்சார். நாய் சாப்பிடற சாப்பாடு பெரிய வயித்துக்குப் போகும், சின்னப் பையில சுத்தமான அமிலம் மட்டும் ஊறி வரும். இது முதல்ல வெற்றியா அமைஞ்ச நாய் பேரு ட்ருஷோக், 1894. ருஷ்ய மொழியில 'குட்டி நண்பன்'.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. நாயோட உணவுக்குழாயைக் கழுத்துலயே வெட்டி வெளிய திறந்துவிடறது. நாய் ஆசை ஆசையா கறி சாப்பிடும், அது கழுத்து வழியா தட்டுலயே விழும், திரும்பச் சாப்பிடும். வயித்துக்கு ஒண்ணும் போகாது. ஆனா வயிறு ஏமாந்து அமிலத்தைக் கொட்டும். இப்படி எடுத்த சாறை வடிகட்டி, குப்பியில அடைச்சு, அஜீரணக்காரங்களுக்கு வித்தாங்க! நிஜமாங்க. வருஷத்துக்கு மூவாயிரம் குப்பிக்கு மேல போச்சு, ஆய்வகச் செலவுல ஒரு நல்ல பங்கு அதுலயே வந்தது. நூறு வருஷம் முன்னாடி நாயோட அமிலத்தை மனுஷன் மருந்தா குடிச்சான். இப்போ மனுஷனோட அமில மாத்திரையை நாய் தின்னுது.

பாவ்லோவ் உயிரோட இருக்கும்போதே, 1935-ல, அந்த நிறுவனத் தோட்டத்துல நாய்க்கு ஒரு நினைவுச் சின்னம் வச்சாங்க.

பாவ்லோவோட மாணவர் லியோன் போப்பியெல்ஸ்கி. லிவோவ்ல வேலை. 1916 அக்டோபர்ல ஒரு நாய்க்கு ஹிஸ்டமின் ஊசி போட்டார். வயித்துல அமிலம் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. போர்க்காலம், கட்டுரை வெளியானது 1920-ல. சரி, ஹிஸ்டமினை அடக்கினா அமிலம் அடங்குமேன்னு நினைப்போம் இல்லையா? 1940-கள்ல சளி, அரிப்புக்கெல்லாம் ஹிஸ்டமின் தடுப்பு மருந்து வந்துடுச்சு. அரிப்பு நின்னுச்சு, அமிலம் நிக்கலை. ஏன்னு யாருக்கும் புரியலை. இங்கிலாந்துல ஜேம்ஸ் பிளாக் 1964-ல இருந்து உட்கார்ந்து, வயித்துல இருக்கிறது வேற பூட்டு, அதுக்கு வேற சாவி வேணும்னு 1972-ல நிரூபிச்சார். நாலு வருஷத்துல, 1976-ல, சிமெட்டிடின் கடைக்கு வந்தது. 1981-ல கிளாக்ஸோவோட ரானிடிடின். 80-கள் முடியறதுக்குள்ள அதுதான் உலகத்துலயே அதிகம் வித்த மருந்து. நம்ம வீடுகள்ல ஜின்டாக்கும் ரான்டாக்கும் இல்லாத தாத்தா கிடையாது. பிளாக்குக்கு 1988-ல நோபல்.

நடுவுல ஒரு கிளைக்கதை. 1893-ல இத்தாலியில டூரின் நகரத்துல பிட்சொசேரோங்கிறவர் நாய் வயித்தை நுண்ணோக்கியில பார்த்து, அமிலச் சுரப்பிகளுக்குள்ளேயே சுருள் சுருளா கிருமிகள் நீந்தறதை வரைஞ்சே வச்சார். அமிலத்துல கிருமி வாழாதுன்னு உலகம் அதை மறந்துடுச்சு. தொண்ணூறு வருஷம் கழிச்சு ஆஸ்திரேலியாவுல மார்ஷலும் வாரனும் மனுஷ வயித்துல அதோட ஒண்ணுவிட்ட தம்பியைக் கண்டுபிடிச்சு, அதுதான் அல்சருக்குக் காரணம்னு காட்டி 2005-ல நோபல் வாங்கினாங்க. நாய் சொன்னதை யாரும் கேட்கலை. ஆனா ஒரு விஷயம்: நல்லா இருக்கிற நாய்கள் பெரும்பாலானதுக்கும் அந்தக் கிருமி வயித்துல இருக்கு, அதுங்களுக்கு அதனால ஒண்ணும் ஆகறதில்லை. அதனால கிருமி இருந்தாலே மருந்துன்னு போக முடியாது.

இனி பிஸ்கோத்தோட கேப்ஸ்யூல்.

ஸ்வீடன்ல ஹெஸ்லேன்னு ஒரு சின்னக் கம்பெனி, ஆஸ்ட்ராவோட பிள்ளை. ஹிஸ்டமின் பூட்டை அடைக்கிறதுக்குப் பதிலா, அமிலத்தை வெளிய தள்ளுற பம்பையே நிறுத்திடலாம்னு ஒரு மருந்து செஞ்சாங்க. அவங்க செஞ்ச ஒரு முன்னோடி மருந்தை நாய்களுக்குக் குடுத்துப் பார்த்தப்போ சில நாய்களுக்குக் குடல் ரத்தக்குழாய்கள் அழுகிப்போச்சு. திட்டம் குளோஸ்னு எல்லாரும் நினைச்சாங்க. அப்புறம் பார்த்தா மருந்தே குடுக்காம ஒப்பீட்டுக்கு வச்சிருந்த நாய்க்கும் அதே நோய். வம்சாவளியைத் தேடிப் பார்த்தா, நோய் வந்த நாய்களெல்லாம் ஃபாபியன்ங்கிற ஒரே தகப்பன் நாயோட பிள்ளைங்க! குத்தம் மருந்து மேல இல்லை, குடும்பத்துமேல. பக் எங்கயோ இருக்க நாம எங்கயோ தேடி ராத்திரி பூரா முழிச்ச கதை எல்லாம் ஞாபகம் வந்தது எனக்கு. வேற நாய்களை வச்சுத் திரும்பச் செஞ்சாங்க, பிரச்சினை இல்லை. 1979-ல ஒமிப்ரசோல் பிறந்தது.

1984-ல திரும்ப ஒரு இடி. எலிகளுக்கு வாழ்நாள் முழுக்க அதிக அளவு குடுத்ததுல இரைப்பையில கட்டி. சோதனைகளை நிறுத்திட்டாங்க. ஆராய்ஞ்சு பார்த்ததுல தெரிஞ்சது: மருந்து நேரா கட்டியை உண்டாக்கலை. அமிலம் ரொம்ப நாள் இல்லாம போனா உடம்பு 'காஸ்ட்ரின்'ங்கிற ஹார்மோனை ஏகத்துக்கும் சுரக்குது, அந்தத் தூண்டுதல்ல சில செல்கள் பெருகுது. எலிக்கு அது ரொம்ப அதிகம். திரும்ப அனுமதி கிடைச்சு, 1988-ல லோசெக்ங்கிற பேர்ல வந்தது. (அமெரிக்காவுல லாசிக்ஸ்ங்கிற நீர்மாத்திரையோட குழப்பிக்கிட்டதால பேரையே மாத்தி ப்ரைலோசெக் ஆக்கினாங்க.)

இந்தக் காஸ்ட்ரின் சமாச்சாரத்தை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

நம்ம ஊருக்கு அது வந்த வழி வேற. 1970 காப்புரிமைச் சட்டப்படி மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். வேற வழியில செஞ்சா செஞ்சுக்கலாம். ஹைதராபாத்துல டாக்டர் ரெட்டீஸ் 1991-ல ஒமெஸைக் கொண்டுவந்தது. வெளிநாட்டுல பணக்காரன் மருந்தா இருந்தது இங்கே பெட்டிக்கடை மிட்டாய் ரேஞ்சுக்கு இறங்கிடுச்சு. 2005-ல சட்டம் மாறினப்போ அதெல்லாம் ஊறிப்போன பழக்கம். இதைக் குறையா சொல்லலை. அந்த மலிவு விலை இல்லைன்னா முத்தியால்பேட்டை தெருநாய் ஒண்ணு 2021-ல ரத்தக்கசிவுல செத்திருக்கும். ஆனா அதே மலிவுதான் ரெண்டரை வருஷம் யோசிக்காம குடுக்கவும் வச்சுது. மாசம் ஆயிரம் ரூபா செலவாகியிருந்தா ரெண்டாவது மாசமே டாக்டரைக் கேட்டிருப்போம்.

கால்நடைப் படிப்போட கதையும் ஒரு வரி. உலகத்தோட முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை 1761-ல லியோன் நகரத்துல திறந்தது பிரான்ஸ்தான். 1954 வரைக்கும் எங்களை ஆண்டதும் அதே பிரான்ஸ்தான். புதுச்சேரிக்குன்னு ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி குரும்பாப்பேட்டுல வந்தது 1994-ல. சென்னை வேப்பேரியில 1903-லயே வந்தாச்சு.

நாய்க்கு இந்த மருந்துகள் எப்போ போச்சுன்னா, மனுஷனுக்கு வந்த கையோட போச்சு. நாய் வாந்தி எடுத்தா ரானிடிடின், புல்லு தின்னா ரானிடிடின், சாப்பிடலைன்னா ரானிடிடின். குடுத்தா பொதுவா ஆபத்தில்லைங்கிற நம்பிக்கை. வேலை செய்யுதான்னு அளந்து பார்க்க ஆரம்பிச்சதே ரொம்பத் தாமதமா. வயித்துக்குள்ள அமில அளவை வயர் இல்லாம அனுப்புற குட்டிக் கருவியை நாய் வயித்துல ஒட்டவச்சு அளந்தாங்க. (நூத்தி எழுபது வருஷம் கழிச்சு, ஓட்டை போடாம.) அப்போ தெரிஞ்சது: ரானிடிடின் நாய்க்குப் பேருக்குத்தான் வேலை செய்யுது. அதே குடும்பத்து ஃபாமோடிடின் முதல்ல கொஞ்சம் வேலை செஞ்சாலும், தொடர்ந்து குடுத்தா ரெண்டு வாரத்துக்குள்ள உடம்பு பழகிப்போய் அதுவும் மங்கிடுது, 2017-ல வந்த ஆய்வு இது. ஒமிப்ரசோல் வகை நல்லாவே வேலை செய்யுது. ஆனா நாய்க்கு ஒரு வேளை பத்தாது, ரெண்டு வேளை வேணும்.

ரானிடிடினுக்கு வேற கதையும் முடிஞ்சுது. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய என்டிஎம்ஏங்கிற அசுத்தம் அதுல சேருதுன்னு 2020 ஏப்ரல்ல அமெரிக்கா சந்தையில இருந்தே எடுக்கச் சொல்லிடுச்சு. இந்தியாவுல 2022 செப்டம்பர்ல அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருந்து அதை நீக்கினாங்க.

2018-ல அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி சார்பா ஐந்து நிபுணர்கள் சேர்ந்து, நாய் பூனைகளுக்கு இரைப்பைக் காப்பு மருந்து எப்போ தேவை, எப்போ தேவையில்லைன்னு ஒரு பொதுக்கருத்து வெளியிட்டாங்க. அதைப் படிச்சுட்டு நான் அரை மணி நேரம் மொட்டைமாடியில நடந்தேன். புண்ணு இருந்தா, ரத்தம் கசிஞ்சா, ஒமிப்ரசோல் வகை தேவை, சந்தேகமே இல்லை. புண்ணு இல்லாத சாதாரண இரைப்பை அழற்சிக்கோ, கணைய அழற்சிக்கோ, சிறுநீரகக் கோளாறுக்கோ இது உதவுதுங்கறதுக்குச் சரியான ஆதாரம் இல்லை. மூணு நாலு வாரத்துக்கு மேல குடுத்திருந்தா சட்டுனு நிறுத்தாம, படிப்படியா குறைக்கணும்.

பிஸ்கோத்துக்கு டாக்டர் சொன்னது ஒரு மாசம். நாங்க குடுத்தது ரெண்டரை வருஷம்.

இதைப் படிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நான் ஒரு முட்டாள்தனம் பண்ணியிருந்தேன். காலி அட்டையைப் பார்த்து உறைச்ச அன்னிக்கே, "இனிமே வேணாம்மா, நிறுத்திடு"ன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் ஒண்ணுமில்லை. மூணாவது நாள் விடிகாலை மஞ்சளா நுரைச்ச வாந்தி. நாலாவது நாளும். முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, வயித்தைத் தரையோட அழுத்திக்கிட்டு நின்னான். அம்மா என்னைத் திட்டலை. அதுதான் கஷ்டமா இருந்தது. "அன்னிக்கு மடியில வச்சுக்கிட்டுப் போனது நானு. உனக்கு என்ன தெரியும்"னு மட்டும் சொல்லிட்டு, கேப்ஸ்யூலைத் திறந்து தயிர்சாதத்துல தூவினாங்க. ரெண்டு நாள்ல வாந்தி நின்னுச்சு. அம்மாவைப் பொறுத்தவரைக்கும் கேஸ் முடிஞ்சுது. நாய் உயிரோட இருக்கிறது இந்த ஜவ்வரிசியாலதான்.

இங்கதான் அந்தக் காஸ்ட்ரின். நம்ம பாஷையில சொல்றேன். வயித்துல ஒரு மேனேஜர். அமிலம் கம்மியா இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா உடனே மெயில் போடுவார், இன்னும் அமிலம் அனுப்புன்னு. பம்பை நாம அடைச்சு வச்சிருக்கிறது அவருக்குத் தெரியாது. மெயில் மேல மெயில். பத்தலைன்னு ஆளும் எடுப்பார். மாசக்கணக்குல இப்படி டீம் வீங்கிப்போய் கிடக்கு, வேலை இல்லாம. திடீர்னு ஒரு நாள் அடைப்பை எடுத்தா? மொத்த டீமும் ஒரே நேரத்துல வேலையில இறங்கும். பழைய அளவைவிட அதிகமா அமிலம் கொட்டும். அதாவது மருந்தை நிறுத்தினா வர்ற வாந்தி, மருந்து தேவைங்கிறதுக்கு அத்தாட்சி இல்லை, மருந்தோட வேலையாவே இருக்கலாம். மனுஷங்ககிட்ட 2009-ல இதைச் சோதிச்சாங்க, டென்மார்க்ல. வயித்துக் கோளாறே இல்லாத 120 பேர். பாதிப் பேருக்கு எட்டு வாரம் இந்த வகை மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. நிறுத்தினப்புறம் மருந்து சாப்பிட்டவங்கள்ல 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், அஜீரணம். வெறும் மாத்திரைக்காரங்கள்ல 15 சதவீதம். நல்லா இருந்தவங்களை எட்டே வாரத்துல நோயாளி ஆக்கியாச்சு.

நாய்களுக்கு வருஷக்கணக்கா குடுத்தா என்ன ஆகும்னு நல்ல ஆய்வுகள் குறைவு. பதினஞ்சு நாள் குடுத்துப் பார்த்ததுலயே வயித்துல இருக்கிற கிருமிக் கூட்டம் மாறிடுது, காஸ்ட்ரின் ஏறுது, சில நாய்க்கு வயித்துப்போக்கு. அமிலம் வெறும் எதிரி இல்லையே. நாய் தெருவுல நக்குற கண்ட அழுக்குக்கும் முதல் காவல்காரன் அதுதான்.

இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். "சரி, அந்த டாக்டரே சொல்லட்டும்"னாங்க. நியாயம். மறுபடியும் ஸ்கூட்டர். ரெண்டரை வருஷம் கழிச்சு நாங்க 'ஒரு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க'ளுக்குப் போனோம்.

டாக்டர் பழைய சீட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். திட்டுவார்னு நினைச்சேன். "நிறைய வீட்ல இதான் நடக்குது தம்பி. வர சொல்றோம், வர மாட்டாங்க. நாய் நல்லா இருந்தா ஏன் வரப்போறாங்க." ரத்தம் எடுத்தார், வயித்தை ஸ்கேன் பார்த்தார். கவலைப்படற மாதிரி ஒண்ணும் இல்லை. குறைக்கிறதுக்கு ஒரு அட்டவணை எழுதிக் குடுத்தார், வாரவாரமா. ராத்திரி ரொம்ப நேரம் வெறும் வயித்தோட விடாம, படுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் சோறு வைக்கச் சொன்னார். கறுப்பு மலம், ரத்த வாந்தி, சாப்பாடு மறுக்கிறது, இதுல எது வந்தாலும் அட்டவணையைத் தூக்கிப் போட்டுட்டு உடனே வரணும்னார்.

அட்டவணை ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டினது. அம்மா ஒவ்வொரு நாளும் பேனாவால டிக் அடிப்பாங்க. ரெண்டாவது வாரம் ஒரு தடவை மஞ்சள் வாந்தி. அம்மா கை கேப்ஸ்யூல் டப்பா வரைக்கும் போச்சு. டாக்டருக்கு ஃபோன் போட்டோம். "மலம் எப்படி இருக்கு? சாப்பிடறானா? அப்போ ஒரு நாள் பொறுங்க"ன்னார். அந்த ராத்திரி அம்மா ஹால்லயே பாய் போட்டுப் படுத்தாங்க, அவன் பக்கத்துல. நான் லேப்டாப்போட சோபாவுல. பெரியப்பாவும் தூங்கலை, சொல்லலைன்னாலும் தெரியும், அவர் ரூம்ல லைட் எரிஞ்சுகிட்டே இருந்தது.

காலையில அஞ்சரைக்கு அவன் எழுந்து, சோம்பல் முறிச்சு, நேரா பெரியப்பா ரூம் கதவைப் பிறாண்டினான். பன்னு வேணுமாம்.

2024 ஆகஸ்ட்ல கடைசி கேப்ஸ்யூல். அதுக்கப்புறம் எப்பவாவது ஒரு வாந்தி, புல்லு தின்னுட்டு, எல்லா நாயும் எடுக்கிற மாதிரி. நானும் ராத்திரி மாத்திரையை விட்டுட்டேன், அவனைவிடக் கஷ்டப்பட்டு. காபியைத்தான் விட முடியலை.

பெரியப்பா தன்னோட மூட்டுவலி மாத்திரையை இப்போ பீரோவுல பூட்டி வைக்கிறார், சாவி இடுப்புல. போன மாசம் ஃபிரிட்ஜை நகர்த்திக் கூட்டும்போது சுவர் ஓரமா பத்துப் பதினஞ்சு வெள்ளை உருண்டை கிடந்தது. அம்மா முறத்துல அள்ளினாங்க. பிஸ்கோத்து ஓடிவந்து முகர்ந்து பார்த்துட்டு, தும்மிட்டுப் போயிட்டான்.